கிளென் ஆஃப் இமால் டெரியர் வாங்கலாமா? ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: இங்கிலாந்தில் சிறு தோட்டத்துடன் கூடிய வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. இரண்டு கினிப் பன்றிகள் வளர்க்கிறோம். நாய் வளர்த்துப் பழக்கமில்லை. ஒரு நாய்க் கண்காட்சியில் கிளென் ஆஃப் இமால் டெரியர் என்ற அயர்லாந்து வேட்டை நாயைப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அத்தனை கூட்டத்திலும் குரைக்காமல் படுத்திருந்தது. மாதக்கணக்கில் தேடியும் குட்டி கிடைக்கவில்லை. இப்போது இணையத்தில் ஒருவர், ‘அரிய இனம், வேட்டை வழிக் குட்டிகள் இரண்டு, உடனே தயார். பாதிப் பணம் அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்’ என்கிறார். வாங்கலாமா? வேலைக்கென்றே உருவான நாய் வீட்டுத் துணையாகச் சரிப்படுமா?

பதில்: பணத்தை அனுப்பாதீர்கள். அந்த விளம்பரத்தின் ஒவ்வொரு வார்த்தையும் சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

‘உடனே தயார்’ என்பதிலிருந்து தொடங்குவோம். ஆண்டுக்கு 300 குட்டிகளுக்கும் குறைவாகப் பதிவாகும் பிரிட்டன், அயர்லாந்து நாய் இனங்களை ‘அருகிவரும் மண்ணின் இனங்கள்’ என்று, பிரிட்டனில் தூய இன நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் தனியாகப் பட்டியலிட்டிருக்கிறது. கிளென் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 300 என்ற வரம்புக்கும் வெகு கீழே. இப்படிப்பட்ட இனத்தில் தாய் சினையாகும் முன்பே குட்டிகளுக்கு ஆள் குறித்தாகிவிடும். ஆள் தேடி அலையும் கிளென் குட்டிகள் இரண்டு ஒரே சமயத்தில் விளம்பரத்துக்கு வருவது மிக அபூர்வம்.

‘வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்’ என்பது அதைவிட மோசம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்பதற்குத் தடை இருக்கிறது. லூசி சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். குட்டியை அது பிறந்து வளர்ந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். தாயைக் காட்ட முடியாதவர் எதை மறைக்கிறார் என்று ஆராய்வதைவிட, அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால், பெற்றோர் இரண்டின் பதிவுப் பெயரையும் கேளுங்கள். கென்னல் கிளப் தளத்தில் உடல்நலச் சோதனை முடிவுகளைத் தேடும் பக்கத்தில் அந்தப் பெயர்களை இட்டால் நாய் இருக்கிறதா, என்ன சோதனை ஆகியிருக்கிறது என்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 12 மாதத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்றுகள் (ஓர் ஈற்று என்பது தாய் ஒருமுறை போடும் குட்டிகள்) எடுத்து விற்பவரும், தொழிலாகவே குட்டி எடுப்பவரும் உள்ளாட்சி உரிமம் வைத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இருக்க வேண்டும். ஆனால் அரிய இனங்களைக் காப்பாற்றி வருபவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு ஈற்று எடுப்பவர்கள். அவர்களிடம் உரிம எண் இல்லாததைக் குற்றமாக எண்ணிவிடாதீர்கள்.

‘வேட்டை வழி’, அதாவது வேட்டைக்குப் போகும் நாய்களின் வம்சம், என்ற சொல்தான் பலரை மயக்குகிறது. நாய்களை விட்டுக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுத்த 2004 வேட்டைச் சட்டத்துக்குப் பின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டெரியரை நரி பதுங்கும் நிலத்தடி வளைக்குள் அனுப்புவதற்கு ஒரே ஒரு குறுகலான விலக்குதான் உண்டு: சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளை நரியிடமிருந்து காக்க, நில உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு, ஒரு சமயத்தில் ஒரு நாய் மட்டும். அந்த வேலைக்கு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பதிவு செய்யாத கலப்பு டெரியர்களையே வைத்திருக்கிறார்கள். அந்த நாய்களில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பரட்டை முடியும் குட்டைக் காலும் உள்ள ஒரு கலப்பைக் கிளென் என்று சொல்லி விற்றால், நீங்கள் எதிர்பார்க்கும் குணமும் கிடைக்காது, சோதனைச் சான்றும் கிடைக்காது.

இனி நாயைப் பற்றி. அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் இருக்கிறது இமால் பள்ளத்தாக்கு. அங்குள்ள மலைக் குடியானவர்கள் எலி பிடிக்கவும், நரியையும் வளைக்கரடியையும் (மண்ணைத் தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு) வளையிலிருந்து இழுத்து வெளியேற்றவும் வைத்திருந்த நாய் இது. அயர்லாந்து கென்னல் கிளப் 1934இல் இதைத் தனி இனமாக ஏற்றது. உயரம் அதிகம் போனால் 35.5 செ.மீ.; ஆனால் ஆண் நாயின் எடை 16 கிலோ வரும். முழங்காலளவு உயரத்தில் ஒரு நடுத்தர நாயின் உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து, பாதம் சற்றே திரும்பியிருக்கும்.

நீங்கள் பார்த்த அந்த அமைதிக்கும் அதன் வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பல டெரியர்கள் வளைக்குள் போய், இரையைக் கண்டதும் இடைவிடாமல் குரைக்கும். மேலே நிற்பவர் அந்தச் சத்தத்தை வைத்துத் தோண்டுவார். கிளென் சத்தம் போடாமல் உள்ளே போய்ப் பிடித்து இழுக்க வேண்டிய நாய். அயர்லாந்தில் 1960கள் வரை இதற்குத் துணிவுச் சான்று வழங்கும் தேர்வே இருந்தது. வளைக்கரடியை எதிர்கொள்ளும்போது குரல் கொடுத்த நாய் தேறாது. அந்தத் தேர்வுகள் நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன, குணம் நிற்கவில்லை. அதனால் வீட்டில் இது தொட்டதற்கெல்லாம் குரைப்பதில்லை, எளிதில் சூடாவதுமில்லை. டெரியர் இனங்களில் குடும்பத்தோடு ஒட்டி வாழ ஏற்ற நாய் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

அதே அமைதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மற்ற டெரியர் உறுமி, குரைத்து, துள்ளி எச்சரிக்கும்; நீங்கள் சுதாரிக்க நேரம் கிடைக்கும். கிளென் பொறுத்துக்கொண்டே இருக்கும், பொறுமை தீர்ந்தபின் இறங்கினால் விடாது. பூங்காவில் வேறொரு நாய் திரும்பத் திரும்ப மேலே ஏறி வம்பு செய்தால், ‘நம் நாய் சும்மாதானே இருக்கிறது’ என்று நிற்காதீர்கள். உடல் விறைப்பது, வாய் மூடி அசையாமல் நிற்பது, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்பது ஆகிய மூன்றும்தான் இதன் எச்சரிக்கை. அப்போதே அழைத்துக்கொண்டு விலகிவிடுங்கள். பின்னாளில் இரண்டாவது நாய் சேர்ப்பதானால் எதிர்ப்பாலாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய விஷயம் கினிப் பன்றிகள். சிறுவயதிலிருந்தே பழக்கினால் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். கீச்சிட்டு ஓடும் சிறு உயிரைக் கண்டதும் பாய்வது இந்த நாயின் ரத்தத்தில் இருப்பது. ஒரே ஒருமுறை கதவு திறந்திருந்தால் போதும். நாய் தொடவே இல்லை என்றாலும், கதவுக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க மோப்பமும் பிராண்டலும் கேட்டுக்கொண்டிருப்பது கினிப் பன்றிக்குத் தீராத பயம். அவை வாழ்வது பொதுவாக 5 முதல் 8 ஆண்டு. உங்களிடம் இருப்பவற்றின் வயது என்ன என்று பாருங்கள். வயதானவை என்றால், கிளென்னுக்குக் காத்திருக்கும் காலமும் அவற்றின் மீதிக் காலமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். இளையவை என்றால் நாய் நுழையவே முடியாத தனி அறை வேண்டும்; அது முடியாதென்றால் நாயைத் தள்ளிப்போடுங்கள்.

ஐந்து வயது மகன் விஷயத்தில், நாய் தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். வாயில் கவ்வியதைப் பிடுங்கக் கூடாது. அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப் பெரியவர்கள் முதல் வாரத்திலிருந்தே செய்து பழக்க வேண்டும். பிடுங்கிப் பழகினால் நாய் இறுகப் பிடிக்கவே கற்கும். அதன் தாடை வலுவானது.

தோட்டத்தில் உங்கள் கவலை வேலியின் உயரமல்ல, அதன் அடி. இந்த நாய் தாண்டாது, தோண்டும். 60 செ.மீ. அகலத்தில் வெல்டிங் செய்த கம்பிவலையை வேலியின் அடியில் பொருத்தி, உட்பக்கமாக மடித்துத் தரையோடு படுக்கவைத்து முளை அடித்துவிடுங்கள். சில வாரத்தில் புல் மூடிவிடும். நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும்; வலை தடுத்ததும் இரண்டடி பின்னால் வந்து தோண்ட அதற்குத் தோன்றாது. கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய வலை வேண்டாம், கிழித்துவிடும். கூடவே ஒரு மூலையில் 1.5 மீட்டருக்கு 1 மீட்டர், 40 செ.மீ. ஆழத்தில் மணலும் மண்ணும் கலந்த குழி ஒன்றை அதற்கென்றே கொடுங்கள். பொம்மையையும் தீனியையும் அதில் புதைத்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். தோண்டும் ஆசையைத் தடுத்துத் தீர்க்க முடியாது. இடம் கொடுத்தால் பூச்செடிகள் பிழைக்கும்.

வெளியே போகும்போது 10 மீட்டர் நீள வாரை ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். ஓடிப்போய் வார் இழுபடும்போது கழுத்து அடிபடும். நரி வளையும் வளைக்கரடி வளையும் உள்ள காட்டோரங்களில் நாய்க்கு என்ன வயதானாலும் வாரை அவிழ்க்க வேண்டாம். உள்ளே போன டெரியர் கூப்பிட்டால் வராது. மண் சரிந்து மாட்டிக்கொள்வதும் உண்டு. பதற்றத்தில் மண்வெட்டி எடுத்துத் தோண்டவும் கூடாது. வளைக்கரடியின் வளையைச் சேதப்படுத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விலங்கு நல அமைப்பை அழைத்து அவர்கள் சொல்படி செய்ய வேண்டும்.

இவ்வளவும் சம்மதம் என்றால், தேடலுக்கு வருவோம். இதுவரை நீங்கள் தேடியது குட்டியை. அரிய இனத்தில் முதலில் தேட வேண்டியது ஆளை. கென்னல் கிளப் தளத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள இன மன்றத்தின் தொடர்பு கிடைக்கும். மன்றச் செயலருக்கு எழுதுங்கள்; பெரிய கண்காட்சிகளில் கிளென் நாய்களை நடுவர் மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நேரம் பார்த்துப் போங்கள். தீர்ப்புக்கு முன் நாய்க்காரர்கள் பரபரப்பாக இருப்பார்கள். முடிந்தபின் உட்கார்ந்து பேசுவார்கள். இரண்டு மூன்று பேரைப் பழகிக்கொண்டால், யாருடைய பெண் நாய் அடுத்து குட்டி போடப்போகிறது என்பது தானாகவே தெரியவரும். ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க நேரலாம்.

எழுதும் கடிதத்தில் ‘குட்டி இருக்கிறதா, என்ன விலை’ என்று தொடங்கினால் பதில் வராமலே போகலாம். வீட்டில் யார் யார், பகலில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், தோட்ட வேலி எப்படி, கினிப் பன்றிகளுக்கு என்ன ஏற்பாடு, நாய் வளர்த்துப் பழக்கமில்லை என்பது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். நிறத்தை நிபந்தனையாக வைக்காதீர்கள். கோதுமை, நீலச் சாம்பல், வரிக்கலவை என்று மூன்று வகை நிறம் உண்டு. ஒரு நிறத்துக்காகக் காத்திருந்தால் இன்னும் இரண்டு ஈற்று தள்ளிப்போகும். குட்டியை நீங்கள் தேர்ந்தெடுப்பதைவிட, எட்டு வாரமும் பார்த்துக்கொண்டிருந்த வளர்ப்பாளர் உங்கள் வீட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்து கொடுப்பதே நல்லது.

சான்றுகளில் முதலில் கேட்க வேண்டியது கண் சோதனை. இந்த இனத்தில் சிஆர்டி3 என்ற விழித்திரைச் சிதைவு நோய் உண்டு. விழித்திரை மெல்ல அழிந்து, முடிவில் பார்வை போகும், சிகிச்சை இல்லை. கொடுமை என்னவென்றால், கருவி வைத்துப் பார்த்தாலும் சில வயது ஆனபின்தான் தெரியத் தொடங்கும். அதற்குள் அந்த நாய் குட்டிகளும் பெற்றிருக்கும். 2010இல் இதற்குக் காரணமான மரபணுக் கோளாறு கண்டறியப்பட்டது. இப்போது கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கும் மாதிரியிலேயே டிஎன்ஏ சோதனை செய்துவிடலாம்.

ஒவ்வொரு நாய்க்கும் இந்த மரபணுவில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி உண்டு. எனவே முடிவு மூன்று விதமாக வரும்: கோளாறு இல்லாதது, கோளாறுள்ள ஒரு பிரதி மட்டும் சுமப்பது, இரண்டு பிரதியிலும் கோளாறு உள்ளது. இரண்டும் உள்ளதற்கு மட்டுமே நோய் வரும். ஒரு பிரதி சுமக்கும் நாயின் பார்வைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சுமக்கும் நாயைக் கோளாறில்லாத நாயோடு சேர்த்தால், சராசரியாகப் பாதிக் குட்டி சுமக்கும், பாதி சுத்தமாகப் பிறக்கும். நோயுள்ள குட்டி பிறக்காது. சுமக்கும் இரண்டைச் சேர்த்தால்தான் நான்கில் ஒன்று நோயோடு பிறக்கும் வாய்ப்பு. ஆகவே பெற்றோரில் ஒன்று ‘சுமப்பது’ என்று சான்றில் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். இத்தனை சிறிய இனத்தில் சுமப்பதையெல்லாம் ஒதுக்கினால் ரத்த வழி இன்னும் குறுகி, வேறு நோய்கள் தலைதூக்கும். தெரிந்தே சரியான துணையோடு சேர்க்கும் வளர்ப்பாளர், இனத்தின் மேல் அக்கறை உள்ளவர். ‘என் நாய்களுக்கு அந்த நோயே கிடையாது, சோதனை எதற்கு’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

சான்றில் உள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணும் நாயின் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். டிஎன்ஏ சோதனை அந்த ஒரு நோயைத்தான் சொல்லும். கண் நிபுணர் நேரில் பார்த்த சான்றும் இருந்தால் நல்லது. இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே மதிப்பெண் உண்டு: ஒவ்வொரு பக்கமும் 0 முதல் 53, இரண்டும் சேர்ந்து 106 வரை, குறைவாக இருப்பதே நல்லது. குட்டைக் கால் நாய்களின் மூட்டு அமைப்பே வேறு என்பதால், மற்ற இனங்களின் எண்ணோடு ஒப்பிடாமல் கிளென் இனத்தின் நடு எண்ணோடு ஒப்பிடுங்கள். உள்ளினக் கலப்பு விகிதத்தை, அதாவது பெற்றோர் எவ்வளவு நெருங்கிய ரத்த உறவு என்பதைக் காட்டும் எண்ணை, கென்னல் கிளப் தளத்திலேயே கணக்கிடலாம். ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்குப் பிறந்தால் 6.25%, ஒரே தாயோ தந்தையோ உள்ளவற்றுக்குப் பிறந்தால் 12.5%, கூடப்பிறந்தவற்றுக்குப் பிறந்தால் 25%. 12.5ஐத் தாண்டினால் ஏன் அந்த ஜோடி என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நியாயமான காரணம் உள்ளவர் விளக்குவார்.

நேரில் போகும்போது தகப்பன் நாய் அங்கே இல்லாவிட்டால் கவலை வேண்டாம். தூரத்து நாயைத் தேடிப் போய்ச் சேர்த்திருப்பார்கள், அது நல்லதே. தாய் கட்டாயம் இருக்க வேண்டும், குட்டிகள் அதனிடம் உரிமையோடு போக வேண்டும். குட்டை வால் குட்டி என்றால் கேள்வி கேளுங்கள்: இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் என்று சான்றளித்த குட்டிக்கு மட்டும், பிறந்த 5 நாளுக்குள், கால்நடை மருத்துவர்தான் வாலை வெட்டலாம். அந்தச் சான்று இல்லாமல் வெட்டியிருந்தால் சட்டமீறல். குட்டிக்கு 8 வாரம் ஆகியிருக்க வேண்டும். மைக்ரோசிப் வளர்ப்பாளர் பெயரில் பதிவாகி, பின் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் நாயை அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்று. அது இருந்தால் நல்ல அறிகுறி. இந்த நாயின் குட்டிகளைப் பதிவு செய்ய இயலாது என்ற கட்டுப்பாடு இன்னொன்று. துணை நாயாக வளர்ப்பவருக்கு அதனால் இழப்பு எதுவுமில்லை, ஆனால் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

குட்டி வீட்டுக்கு வந்தபின் முதல் ஆண்டு முழுக்கக் கால்களைக் காப்பாற்றுங்கள். வளைந்த முன்னங்காலில் இரண்டு எலும்புகள் ஒரே வேகத்தில் வளர வேண்டும். சோபாவிலிருந்து, காரிலிருந்து, படிக்கட்டிலிருந்து குதிக்கும் அதிர்ச்சியில் மணிக்கட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) அடிபட்டால் ஒரு எலும்பு வளர்வது நின்று, மற்றது வளர்ந்துகொண்டே போகும். கால் கோணி, முழங்கை மூட்டு விலகும். படியில் தடுப்புக் கதவு வையுங்கள், காருக்குத் தூக்கியே ஏற்றி இறக்குங்கள். நொண்டினால் ‘விளையாட்டில் சுளுக்கியிருக்கும்’ என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் இது எவ்வளவு கொடுத்தாலும் தின்னும். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். குட்டைக் காலில் கூடுதல் 2 கிலோ பெரிய பாரம். முடியை வாரம் ஒருமுறை சீவி, ஆண்டுக்கு இரண்டு முறை முற்றிய முடியை விரலால் பறித்தெடுக்க வேண்டும். கத்தரித்தால் வேர் உள்ளேயே நின்று, முடி பஞ்சுபோல மெத்தென்று ஆகிவிடும்; பிறகு சேறும் ஈரமும் ஒட்டும்.

கடைசியாக ஒன்று. முதன்முறை நாய் வளர்க்கிறீர்கள், சிறுபிள்ளை இருக்கிறான். கண்காட்சியிலிருந்தும் குட்டி போடுவதிலிருந்தும் ஓய்வு பெற்ற நான்கைந்து வயதுப் பெண் நாய்களை, நல்ல வீடு கிடைத்தால் வளர்ப்பாளர்கள் கொடுப்பதுண்டு. அதன் குணமும் கண் சோதனை முடிவும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், வளரும் காலின் கவலையும் முடிந்திருக்கும். உங்கள் நிலையில் குட்டியைவிட அதையே நான் பரிந்துரைப்பேன். மன்றத்துக்கு எழுதும் கடிதத்தில், வளர்ந்த நாயானாலும் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.